நல்ல பூசணம்

என் இடுப்பில் அக்கி வந்த அன்று காலைத் தபாலில்தான், எனக்குப் 'பூஞ்சை வேந்தர்' என்று பட்டம் கொடுக்கப்போவதாகக் கடிதமும் வந்தது. இரண்டையும் ஒரே நாளில் அனுப்பி வைத்த ஆண்டவனுக்கு என்னைப் பற்றி நல்ல தெளிவான அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும்.

என் பெயர் பூவராகன். முன்னால் டாக்டர் உண்டு; அதைச் சேர்க்காமல் கூப்பிட்டால் எனக்குக் காது கேட்காது. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தாறு வருடமாக நிலக்கடலையில் பிடிக்கும் பூசணத்தை ஆராய்ந்து வந்தேன். வீட்டில் ரொட்டியில் பூசணம் பூத்தால் என் மனைவி தூக்கி எறியப் போவாள். நான் குறுக்கே விழுந்து தடுத்து, அதன் நிறத்தைப் பாராட்டுவேன். இப்படிப்பட்டவனோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதற்கு அவளுக்குத்தான் பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

கடலையில் பச்சையும் மஞ்சளுமாகப் பிடிக்குமே, அந்தப் பூசணம் ஒரு விஷத்தைச் செய்யும். ஈரலுக்கு ஆகாது, நாள்பட்டால் புற்றுநோய். அந்த விஷத்தைச் செய்வதற்கு அதற்கு இருபத்தைந்து ஜீன்கள் வேண்டும். அவை ஆளுக்கொரு மூலையில் கிடக்காமல், ஒரே தெருவில் வரிசையாக வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கும். எத்தனையோ கோடி வருடப் பரிணாமத்தில் இந்தத் தெரு ஏன் கலையாமல் இருக்கிறது, இந்த விஷத்தால் பூசணத்துக்கு என்ன லாபம் என்று உலகம் முழுக்கப் பேராசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எந்தக் கேள்வியும் கேட்காமல் தெருவையே இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டேன்.

விஷம் செய்யத் தெரியாத அந்தப் புதுப் பூசணத்துக்கு 'பூவ-25' என்று பெயர் வைத்தேன். 'பூவ' யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் அதை 'நல்ல பூசணம்' என்றார்கள். சோளத்தில் வளர்த்து, நாற்பத்தொரு ஊர் வயல்களில் தூவினோம். அது மண்ணில் பரவி, விஷப் பூசணத்தைத் துரத்திவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாலே வருடத்தில் எங்கள் பரிசோதனையில் விஷம் பூஜ்யம். பத்திரிகைக்காரர்கள் வந்தால் ஒரு பிடி கடலையை வாயில் போட்டுக்கொண்டு போஸ் கொடுப்பேன். அதுவே பழகி, யாரும் படம் எடுக்காத நாளிலும் சாயங்காலம் ஒரு படி கடலை இல்லாமல் எனக்குப் பொழுது போகாது.

இந்த நிலையில்தான் அக்கி. டாக்டர் மாத்திரை கொடுத்தார். "அது பாட்டுக்கு அது. போய் அக்கி எழுதிட்டு வாங்க" என்றாள் மனைவி. நம் பக்கத்தில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவிக்கல்லை உரைத்து அக்கி மேல் உருவம் எழுதிக்கொள்வது வழக்கம். விஞ்ஞானி போகலாமா? இடுப்பில் நெருப்பை அள்ளிக் கொட்டியது மாதிரி எரியும்போது விஞ்ஞானியாவது மண்ணாங்கட்டியாவது! கறுப்புக் கண்ணாடி, தலையில் துண்டு சகிதம் யாருக்கும் தெரியாமல், நாங்கள் பூசணம் தூவிய சின்னக்குறிச்சிக்குப் போய் இறங்கினேன்.

"பூசண சார் வந்திருக்காரு, எடம் விடுங்க!" என்று ஒரு குரல் கேட்டது.

அக்கி எழுதும் குயவர் அய்யாக்கண்ணு வேளார் வீட்டு வாசலில் முப்பது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். சுவரில் சாக்பீஸால் வரிசை எண் வேறு.

"என்ன வேளாரே, அக்கிக்கு இது சீசனா?"

"சீசனும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. முன்னல்லாம் மாசத்துக்கு நாலு பேரு வந்தா பெருசு. இப்ப காலைல வாசல் தெளிக்கங்காட்டியும் வந்து நிக்கிறாங்க. சக்கரத்துல கை வெச்சு ஆறு மாசம் ஆவுது சார். சட்டையத் தூக்குங்க."

அவர் என் இடுப்பில் ஒரு சிங்கம் எழுதினார். குனிந்து பார்த்தேன், பூனை மாதிரிதான் இருந்தது. ஆனால் எரிச்சல் கொஞ்சம் அடங்கிய மாதிரி தெரிந்தது, பொய் சொல்லக் கூடாது.

எனக்குப் பின்னால் ஒரு பெண்கள் கூட்டம் நின்றது. அதை நடத்தி வந்தவள் விருத்தாம்பாள். நாற்பது வயதிருக்கும். விதைக்கடலை உடைக்கும் செட்டுக்கு மேஸ்திரி. அந்த வட்டாரத்தில் அவள் வேகத்துக்குக் கடலை உடைக்க ஆள் கிடையாது.

"எங்க செட்டுல பதினோரு பேரு சார். அத்தன பேருக்கும் வந்துடுச்சி. எனக்குப் போன மாசமே எழுதியாச்சி. அம்மன் எங்க மேல என்னா கோவத்துல இருக்கான்னு தெரியல" என்றாள்.

பதினோரு பேருக்குப் பதினோரு பேர் என்றால், பூசணம் படித்தவன் என்ன, பூசணமே உஷாராகியிருக்கும். நானோ, என் இடுப்புப் பூனையை யாராவது படம் எடுத்துவிடுவார்களோ என்ற கவலையிலேயே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் இதைப் பெரிய ஜோக் மாதிரி தையல்நாயகியிடம் சொன்னேன். தையல்நாயகி எங்கள் ஆய்வகத்தின் டெக்னீஷியன். பத்தொன்பது வருட அனுபவம், சின்னக்குறிச்சிதான் சொந்த ஊர். நான் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வேலையெல்லாம் அவளுடையது, பெயர் மட்டும் என்னுடையது. அவள் சிரிக்கவில்லை. அடுத்த மூன்று நாள் வேலைக்கு வருமுன் வேளார் வீட்டு வாசலில் போய் நின்று, ஒரு நோட்டில் ஊர் ஊராகக் கணக்கெடுத்து வந்தாள்.

"சார், அறுவத்திரண்டு பேரு. அதுல அம்பத்தெட்டு பேரு நாம பூசணம் தூவுன ஊரு."

"தற்செயலா இருக்கும். நம்ம பூசணத்துல விஷமே இல்லையே தையல். நாலு வருஷமா டெஸ்ட் பண்றோமே!"

"எந்த விஷத்துக்கு டெஸ்ட் பண்றோம்?"

"பழைய விஷத்துக்கு."

"அது வேற எதயாவது செஞ்சா?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"அதுவும் எந்தக் கடலைல டெஸ்ட் பண்றோம்? 'நன்கு உலர்ந்த, இயந்திரத்தில் உடைத்த பருப்பு'ன்னு நீங்கதான் விதி எழுதி வெச்சிருக்கீங்க. எங்க ஊர்ல விதைக்கடலைய யாரு சார் காஞ்சபடியே உடைப்பாங்க? மொத நாளே தண்ணி தெளிச்சு, ஈரச்சாக்கு போட்டு மூடி வெப்பாங்க. அப்பத்தான் ஓடு எளகும், வெரலு தேயாது. பூசணத்துக்கு அது விருந்து. உடைஞ்ச பருப்பு விதைக்கு ஆவாது, அது செட்டுக்காரங்களுக்கு. அவங்க வீட்டுச் சட்னி, பொடி எல்லாம் அதுதான். நீங்க சாயங்காலம் கொறிக்கறதும் அதுதான்."

"இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"கடலையில இருவத்தாறு வருஷமா இருக்கீங்க. தெரியும்னு நெனச்சேன் சார்."

இதற்கு மேல் ஒருவனை எப்படி அடிப்பது? நான் கடலை உடைப்பதை அறிக்கைகளில்தான் பார்த்திருக்கிறேன். அதில் ஈரச்சாக்கு இருந்ததில்லை.

தண்ணீர் தெளித்துச் சாக்கு மூடி வைத்த கடலையிலிருந்து பூவ-25ஐ எடுத்து, ஜீன் படிக்கும் இயந்திரத்தில் போட்டோம். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும், இரண்டு மணி நேரத்தில் முழு ஜாதகத்தையும் சொல்லிவிடும். தையல் திரையைப் பார்த்தவள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க இடிச்ச தெருவுல யாரோ குடி வந்திருக்காங்க சார்."

இருபத்தைந்து ஜீன்களை வெட்டி எடுத்த இடத்தில் புதிதாகப் பன்னிரண்டு ஜீன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"இது எங்கேருந்து வந்தது?"

"வண்டைக் கொல்ற ஒரு பூசணம் இருக்குல்ல, அதோட ஜீன். ஒண்ணு ரெண்டு இல்ல, குடும்பத்தோட மொத்தமா வந்து எறங்கியிருக்கு." தையல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "யோசிச்சுப் பாருங்க. பழைய விஷம் பூசணத்துக்கு எதுக்கு? மண்ணுல இருக்கற வண்டும் பூச்சியும் அதைத் தின்னாம இருக்கத்தான். நீங்க அதப் புடுங்கிட்டீங்க. பூச்சிங்க நம்ம நல்ல பூசணத்த அல்வா மாதிரி தின்னிருக்கும். அந்தப் பூச்சி உடம்புல இந்த வண்டுக்கொல்லியும் இருந்திருக்கு. ரெண்டும் ஒட்டி உரசுனதுல கோடில ஒண்ணுக்கு இந்தப் பன்னெண்டு ஜீனும் கை மாறியிருக்கு. அந்த ஒண்ணுதான் பொழச்சுது. நாலு வருஷத்துல நாற்பத்தொரு ஊர்லயும் அதோட புள்ளைங்கதான் இருக்கு. காலி மனைய வேலி போடாம விட்டா நம்ம ஊர்ல என்ன ஆவும்?"

"ஆக்கிரமிப்பு."

"அதான் ஆயிருக்கு."

அந்தப் பன்னிரண்டு ஜீன்களும் செய்யும் பொருளைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. பூச்சியைக் கொல்லும். மனிதனைக் கொல்லாது. ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூங்க வைத்துவிடும். சின்ன வயதில் போட்ட அம்மையின் கிருமி உடம்புக்குள்ளேயே சத்தமில்லாமல் பதுங்கிக் கிடக்கும். காவல்காரன் தூங்கினால் அக்கியாக எழுந்து வரும். இன்றைக்கு அக்கி, நாளைக்குக் காசநோய். மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்களுக்கு, உடம்பு அதை ஒதுக்கிவிடாமல் இருக்கக் கொடுக்கிறார்களே ஒரு மாத்திரை, இந்தப் பொருள் அதற்குப் பங்காளி முறை.

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஐயோ என்று தோன்றியிருக்க வேண்டும். "தையல்! நாம மருந்து கண்டுபிடிச்சிருக்கோம்!" என்று கத்தினேன். அவள் பார்த்த பார்வையில் எனக்குள் இருந்த பூஞ்சை வேந்தர் முடி துறந்தார்.

இன்னும் கடலை வேண்டியிருந்ததால் இருவரும் சின்னக்குறிச்சிக்குப் போனோம். விருத்தாம்பாள் ஒரு கொட்டகையில் செட்டோடு உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் போகும் வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை. தையலிடம் நான் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்துவிட்டது. எழுந்து எங்களை வேலிப் பக்கம் கூட்டிப் போனாள்.

"மாத்து கிட்னிக்குக் குடுக்கற மாத்திரை மாதிரியா சார்?"

"ஆமாம்மா. ஏன்?"

"எனக்கு மாத்து கிட்னி சார். எங்க வீட்டுக்காரரு குடுத்தது." தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த மாத்திரை போட்டா கை வெடவெடன்னு நடுங்குது. நடுங்கற கையில கடலை உடைக்க முடியல. அப்ப இருந்த மேஸ்திரி செட்டுல என்ன வெச்சுக்க மாட்டேன்னுட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி மாத்திரைய நிறுத்திட்டேன். அவருக்குத் தெரியாது. தெனம் ரெண்டு மாத்திரையக் கெணத்துல போட்டுடுவேன். பெரிய ஆஸ்பத்திரிக்கும் போறதில்ல, இங்கயே ரத்தம் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. குலதெய்வம் காப்பாத்துதுன்னு இருந்தேன்."

குலதெய்வம் கடலைச் சட்னியாக வந்திருந்தது. என் பூசணம் செய்த பொருள் கையை நடுங்க விடாமல் அவள் சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஊருக்கே நோயைக் கொடுத்துக்கொண்டும் இருந்தது. அதை நிறுத்தினால், மாத்திரையும் இல்லாமல், கணவன் கொடுத்த சிறுநீரகத்தை அவள் உடம்பு தள்ளிவிடும். "அப்புறம் வந்து விவரமா சொல்றேன்மா" என்று சாக்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜீப்பில் தையல் சொன்னாள்: "சார், நாளைக்கே ஊர் ஊரா சொல்லணும். தண்ணி தெளிக்காதீங்க, உடைஞ்ச பருப்பத் திங்காதீங்க, ஏன்னான்னு காரணத்தோட. அதுக்கு முன்னாடி விருத்தாம்பா அக்காகிட்ட சொல்லி மாத்திரைய ஆரம்பிக்க வைக்கணும். நான் சொல்லட்டா?"

"நான்தான் சொல்லணும், என் பொறுப்பு" என்றேன். கேட்க எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது பாருங்கள்.

பட்டமளிப்புக்கு நான்கு வாரம் இருந்தது. உட்கார்ந்து ஒரு சுற்றறிக்கை எழுதினேன். 'பூவ-25 மேலும் மேம்படுத்தப்படுவதை முன்னிட்டு விவசாயிகள் கைவசமுள்ள விதைக்கடலையை ஒப்படைக்கவும். மாற்று விதை இயந்திரத்தில் உடைத்து வழங்கப்படும்.' நோய், அக்கி, ஆக்கிரமிப்பு எதுவும் அதில் இல்லை. எழுதி முடித்து நடையைப் பார்த்து நானே சொக்கிப்போனேன்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்று மறுநாள் தையல் கேட்டாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவளிடம் சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் அது என் பெயரில் ஆரம்பிக்கும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டேன். கோழை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

சின்னக்குறிச்சியில் கூட்டம் போட்டு, மேம்படுத்தல் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். ஒருவர்கூட எதிர்க் கேள்வி கேட்கவில்லை. மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள், கடைசியில் கைதட்டவும் செய்தார்கள். விருத்தாம்பாளும் கூட்டத்தில் இருந்தாள்; நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மற்ற ஊர்களில் "நல்ல கடலைய எதுக்குக் குடுக்கணும்?" என்று சண்டை பிடித்து, பாதியைப் பரணில் ஒளித்துவிட்டார்கள். என் பேச்சு அந்த ஒரு ஊரில் மட்டும் எடுபட்ட காரணம், அன்று தொண்டை நன்றாக இருந்தது என்று முடிவு செய்தேன்.

பட்டமும் வாங்கினேன். மேடையில் சால்வை போட்டார்கள். சால்வைக்குள் வியர்த்துக் கொட்டியது. ஈரக்கடலை நின்று இருபத்து மூன்று நாள். மருந்து நின்றால் மாற்றுச் சிறுநீரகம் எவ்வளவு நாள் தாங்கும் என்று புத்தகத்தில் பார்த்திருந்தேன். சிலருக்குச் சில மாதம், சிலருக்குச் சில வாரம். புகைப்படத்துக்குச் சிரிக்கச் சொன்னபோது எனக்கு வாய் கோணிக்கொண்டது. மறுநாள் பொழுது விடிந்ததும் சின்னக்குறிச்சிக்கு ஓடினேன்.

வாசலில் அவள் கணவர் கொளஞ்சி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டம்மா இல்லீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா சார்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டேன், அதுவும் ஒரு சால்வைக்காக என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. கொளஞ்சி பதறிப்போய் மாட்டுக்கு வைத்திருந்த சொம்பை என்னிடம் நீட்டினார். அதையும் குடித்தேன்.

அரை மணி நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, விருத்தாம்பாள் நடந்தே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். கையில் ஆஸ்பத்திரிப் பை. அதைத் திண்டில் வைக்கும்போது பார்த்தேன். இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கின.

"மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம் ஆவுது சார். ரத்தம் பாத்துட்டு வரேன். கிட்னி நல்லாருக்காம். கைதான் போச்சி. செட்ட வேற ஆளுகிட்ட குடுத்துட்டேன்."

"யாரும்மா உங்ககிட்ட சொன்னது?"

"தையலுதான். நீங்க சொல்லிட்டேன்னு அதுகிட்ட சொன்னீங்களாமே, அன்னிக்கே சாயங்காலம் வந்து கேட்டுது. யாரும் வரலியேன்னேன். ஒக்காந்து எல்லாத்தயும் சொல்லிச்சி. இவருகிட்டயும் நான் அப்பவே சொல்லிட்டேன். ரெண்டு நாளு பேசல. மூணாம் நாளு அவரே மாத்திரைய எடுத்தாந்து குடுத்தாரு."

கொளஞ்சி மாட்டைப் பார்த்துக்கொண்டே, "தையலு சொல்லி எங்க ஊரு முழுக்கத் தெரியும் சார்" என்றார்.

"முழுக்கவா? அப்ப அன்னிக்குக் கூட்டத்துல..."

"தெரிஞ்சுதான் வந்தோம். அதான் மூட்டையக் குடுத்தோம்."

முக்கால் மணி நேரப் பேச்சு என் காதில் மறுபடி ஓடியது. வாய்க்கு வாய் 'மேம்படுத்தல்' என்றிருக்கிறேன். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஏம்மா, ஒருத்தர்கூட என்னை ஒரு வார்த்தை கேக்கலியே?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும்ல சார்" என்றாள் விருத்தாம்பாள். "வேணாம், பாவம்னு உட்டுட்டோம்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தெருவை இடித்தது, காலி மனை, சுற்றறிக்கை, தையலிடம் சொன்ன பொய், சால்வை வரை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மொத்தம் எத்தன ஊரு சார்?"

"நாற்பத்தொண்ணு."

"மத்த நாப்பது ஊர்லயும் சொல்லியாச்சா?"

நான் எழுந்து ஜீப் சாவியை எடுத்தேன்.

"நீங்க தனியாப் போனா கடலையப் புடுங்க வந்திருக்கீங்கன்னு அடிக்க வருவாங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கால் நடுங்காமல் மாட்டிக்கொண்டு, நடுங்கும் கையால் ஜீப் கதவைப் பிடித்தாள். "நான் வரேன். இந்தக் கையப் பாத்தா, பொழப்பே போயும் சொல்ல வந்திருக்கான்னு நம்புவாங்க. நம்ம பக்கத்து மேட்டுப்பாளையத்துல ஆரம்பிப்போம், அங்க எங்க அக்கா இருக்கா. நீங்க பேசுங்க சார், ஆனா மொத வார்த்த உங்க பேரா இருக்கட்டும்."